கடிகார வாரும் வாங்குபவர் உரிமையும்

வார் அறுந்துபோனதற்காகக் கைக்கடிகாரத்தையே தூக்கி எறிந்தவர் அந்தக் காலத்தில் எவரும் இல்லை. பெங்களூரு அவென்யூ ரோட்டிலோ சிவாஜிநகரிலோ, கண்ணாடிப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கடிகாரக்காரரிடம் நீட்டினால் போதும். பழைய வாரைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி ஐந்து நிமிடத்தில் கையில் கொடுத்துவிடுவார். தோல் வாரா, நைலான் வாரா, எவர்சில்வர் சங்கிலியா என்பது வாங்குபவரின் விருப்பம். விலை பேசிக் குறைப்பது அவரவர் சாமர்த்தியம்.

இந்தச் சாதாரண சௌகரியம் சிறிது சிறிதாகக் கைநழுவி வருகிறது. ஸ்மார்ட் வாட்ச் எனப்படும் புதுவகைக் கடிகாரம் இன்று கல்லூரி மாணவர் முதல் ஓய்வு பெற்ற பெரியவர் வரை பலர் கைகளில் ஏறிவிட்டது. நாடித் துடிப்பை அளக்கிறது. நடந்த அடிகளை எண்ணுகிறது. தொலைபேசி அழைப்பைச் சொல்கிறது. இத்தனை செய்யும் கடிகாரத்தில், தமக்குப் பிடித்த வாரைப் போட்டுக்கொள்வது மட்டும் பலருக்குப் பிரச்னையாக இருக்கிறது.

இதில் இரண்டு விதமான கட்டுப்பாடுகள் உள்ளன. முதலாவது, கடையிலேயே விதிக்கப்படுவது. இன்ன நிறக் கடிகாரத்துக்கு இன்ன வார்தான் என்று நிறுவனம் முன்கூட்டியே ஜோடி சேர்த்துப் பெட்டியில் அடைத்துவிடுகிறது. கறுப்புக் கடிகாரத்துக்கு நீல வார் கேட்பவர், பெட்டியில் உள்ள வாருக்கும் பணம் கொடுத்துவிட்டு, நீல வாரைத் தனியாக வாங்க வேண்டும். வேண்டாத வார் மேஜை இழுப்பறைக்குப் போய்ச் சேரும். சேலை வாங்கப் போனவரிடம், கடைக்காரர் சொல்லும் ரவிக்கைத் துணியையும் எடுத்தால்தான் சேலை என்று சொன்னால் சும்மா விடுவார்களா?

பிரித்து விற்க முடியாது என்ற வாதம் எடுபடாது. 2015ல் தன் கடிகாரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஆப்பிள் நிறுவனமும் தொடக்கத்தில் ஜோடி சேர்த்தே விற்றது. 2019 செப்டம்பரில், கடிகாரத்தையும் வாரையும் வாங்குபவரே தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ளும் முறையை அதே நிறுவனம் அறிமுகப்படுத்தியது. மனமிருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

இரண்டாவது கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. அது கடிகாரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. வழக்கமான கைக்கடிகாரத்தில் வாரை இணைப்பது, இரு முனையும் உள்ளே அமுங்கும் ஒரு சின்னஞ்சிறு ஸ்பிரிங் கம்பி. 18, 20, 22 மில்லிமீட்டர் என்று அகலங்களும் பொதுவானவை. ஆகவே எவர் செய்த கடிகாரத்துக்கும் எவர் செய்த வாரும் பொருந்தியது. ஸ்மார்ட் வாட்ச்சுகளிலும் பல இந்த முறையையே பின்பற்றுகின்றன. சாம்சங் நிறுவனத்தின் முந்தைய கடிகாரங்கள் பலவற்றில் சாதாரண 20 மில்லிமீட்டர் வாரே பொருந்தியது. ஆனால் 2024ல் வந்த அதன் 'அல்ட்ரா' ரகத்திலும், 2025ல் வந்த 'வாட்ச் 8' ரகத்திலும் தனிவகை இணைப்பு புகுத்தப்பட்டது. பழைய வாரை அப்படியே எடுத்துப் புதிய கடிகாரத்தில் மாட்ட இயலாது.

பொது அளவின் அருமை பெங்களூருவாசிகளுக்குப் புதிதல்ல. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை 1961ல் தொடங்கியது இந்த ஊரில்தான். எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016ல் மத்திய அரசு முடிவு செய்தது. ஆயினும் முதல் சம்பளத்தில் வாங்கியதும், கல்யாணத்தில் மாமனார் போட்டதுமான கடிகாரங்கள் இன்றும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு வார் இன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கும். கடிகாரம் செய்த நிறுவனத்தை நம்பி வார் இருக்கவில்லை. தனிவகை இணைப்புள்ள கடிகாரத்தின் கதி என்ன? நிறுவனம் அந்த ரகத்தைக் கைவிட்டு, வெளியாரும் வார் செய்யாவிட்டால், நன்றாக ஓடும் கடிகாரமும் குப்பைதான்.

நிறுவனங்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நாடித் துடிப்பைச் சரியாக அளக்கக் கடிகாரம் தோலோடு ஒட்டி நிற்க வேண்டும். காந்தப் பூட்டுள்ள வார்கள் சில, கடிகாரத்துக்குள் இருக்கும் திசைகாட்டியைக் குழப்பக்கூடும். மட்டமான வார் அறுந்து, விலை உயர்ந்த கடிகாரம் கீழே விழுந்தால் பழி தங்கள் மீது வரும் என்றும் அவை அஞ்சலாம். இவையெல்லாம் எச்சரிக்கை அச்சிடுவதற்கான காரணங்கள். கதவை அடைப்பதற்கான காரணங்கள் அல்ல. இன்ன வகை வார் ஆகாது என்று பெட்டியில் எழுதட்டும். முடிவை வாங்குபவரிடம் விடட்டும்.

வார் வெறும் அலங்காரப் பொருளும் அல்ல. இரவு பகலாகத் தோலோடு ஒட்டிக் கிடப்பது அது. 2014ல் பிட்பிட் நிறுவனம் தன் 'போர்ஸ்' கைப்பட்டையை, அணிந்தவர்களில் சிலருக்குத் தோல் தடித்துச் சிவந்ததால் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ரப்பர் ஒத்துக்கொள்ளாதவருக்குத் துணி வார் வேண்டும். வியர்வையில் நாள் முழுதும் வேலை செய்பவருக்குக் கழுவிக் காயவைக்க மாற்று வார் வேண்டும். இதை அவரவர் உடம்பு அறியும். தொழிற்சாலையில் ஜோடி சேர்ப்பவர் அறியமாட்டார்.

அரசு தலையிடுவதற்கு வழியில்லாமலும் இல்லை. பழுதுபார்க்கும் உரிமைக்கான திட்டத்தை வகுக்க 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகியவை அதில் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. டைப்-சி சார்ஜருக்கு இந்திய தர நிர்ணய அமைவனம் தர அளவை வெளியிட்டது. சார்ஜருக்குச் செய்ததை வாருக்குச் செய்ய என்ன தடை?

கேட்பது பெரிய சலுகை அல்ல. கடிகாரத்தையும் வாரையும் தனித்தனி விலையில் விற்கவேண்டும். இணைப்பின் வகையும் அகலமும் பெட்டியின் மேல் மில்லிமீட்டரில் அச்சிடப்பட வேண்டும். தனிவகை இணைப்பைக் கையாளும் நிறுவனம், அதன் அளவுகளைப் பிற வார் தயாரிப்பாளர்களுக்கும் வெளியிட வேண்டும். விற்பனையை நிறுத்திய பிறகும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வார் கிடைக்கச் செய்யவேண்டும்.

இதனால் பயன் பெறுவோர் வாங்குபவர்கள் மட்டுமல்லர். கண்ணாடிப் பெட்டியும் இடுக்கியும் மூலதனமாக, வார் மாற்றிப் பிழைக்கும் எத்தனையோ குடும்பங்களும் இதை நம்பியே இருக்கின்றன. பணம் கொடுத்து வாங்கிய கடிகாரம் வாங்கியவருக்கே சொந்தம். அதை எந்த வாரில் கட்டிக்கொள்வது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.