ஆயத்தமாக வேண்டியவர் யார்?

சாதாரண தர வகுப்பில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் இன்று மருத்துவப் பட்டதாரி. அமெரிக்க வைத்தியசாலை ஒன்றில் வதிவிடப் பயிற்சிக்கு இடம் பெற்றுவிட்டான். யூலை முதலாந் திகதி வேலை தொடங்குகின்றது. அங்குள்ள மூத்தோர் அவனுக்கு அளித்த அறிவுரைப் பட்டியலை எனக்கு அனுப்பி, “சேர், இன்னும் எதற்கு ஆயத்தமாக வேண்டும்?” என்று கேட்டிருந்தான். மறுமொழி அவனுக்கு மட்டும் உரியதன்று. ஆதலால் இங்கு எழுதுகின்றேன்.

நல்ல பாதணி வாங்கு, யூன் மாதத்தில் உறங்கித் தீர், கட்டவேண்டிய பணத்தையெல்லாம் முன்கூட்டியே கட்டிவிடு, அவசர சிகிச்சைப் பாடங்களை மீண்டும் படி, சில காலம் உன்னைக் காண முடியாதென்று வீட்டாருக்குச் சொல்லிவை, மனத்தை உறுதியாக்கு. பட்டியல் இவ்வாறு செல்கின்றது. தனித்தனியே நோக்கின் இவற்றில் எதுவும் பிழையன்று. ஆயின், முழுவதையும் சேர்த்துப் படிக்கையில் அது கூறும் செய்தி ஒன்றே: மாறவேண்டியவன் நீ; வைத்தியசாலை மாறவேண்டியதில்லை. மனிதர் வகுத்த நேரசூசியைப் புயலையும் வெள்ளத்தையும் போன்ற இயற்கைச் சீற்றமாகக் காட்டும் இத்தந்திரம் எமக்குப் புதிதன்று. வறுமையை விதியென்றவர்களும் இதையே சொன்னார்கள்.

வதிவிட மருத்துவர் என்னும் பெயரின் வரலாற்றைப் பாருங்கள். 1889 இல் பால்ட்டிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கு ஹால்ஸ்டெட் என்னும் சத்திரசிகிச்சை மேதை அமைத்த முறையில், இளம் மருத்துவர் வைத்தியசாலையிலேயே வதிந்தனர்; இரவும் பகலும் அதற்கே உரியவராயினர். அம்மேதை முதலிற் கொக்கெயினுக்கும் பின்னர் மோர்ஃபினுக்கும் அடிமையாயிருந்தவர் என்பது இன்று மறைக்கப்படாத வரலாறு. அவர் புகழைக் குறைப்பதற்காக இதனைக் கூறவில்லை. களைப்பறியாத மருத்துவன் என்ற இலட்சியத்தை உலகுக்கு அளித்தவரும் தசையும் நரம்பும் கொண்ட மனிதரே என்பதற்காகவே கூறுகின்றேன்.

1984 மார்ச் மாதத்தில் லிபி சயன் என்னும் 18 வயது மாணவி, நியூயோர்க் வைத்தியசாலை ஒன்றில் அனுமதிக்கப்பட்ட சில மணி நேரத்துள் இறந்தாள். அன்றிரவு அவளைக் கவனித்தோர் பயிற்சி மருத்துவர்கள். ஏனைய பல நோயாளரும் அவர்கள் பொறுப்பிலேயே இருந்தனர். மரணத்தின் காரணம் பற்றிய வழக்கு நெடுங்காலம் நீடித்தது. எனினும், விசாரித்த பெரும் யூரர் சபை மருத்துவர்மீது குற்றவியல் வழக்குத் தொடர மறுத்து, பயிற்சி முறையையே கண்டித்தது. அதன் விளைவாக 1989 இல் நியூயோர்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி என்ற எல்லையை விதித்தது. நாடு முழுவதற்கும் அவ்வெல்லை வர 2003 ஆயிற்று. அதுவும் நான்கு வாரச் சராசரியாகவே. நாளுக்கு எட்டு மணி நேர வேலை கோரி 1886 இல் சிக்காகோத் தொழிலாளர் இரத்தம் சிந்திய அதே நாட்டில், வாரத்துக்கு எண்பது மணி சீர்திருத்தம் எனப்படுகின்றது!

2011 இல் முதலாண்டு மருத்துவரின் தொடர்வேலை 16 மணியாகக் குறைக்கப்பட்டது. 2017 இல் அது மீண்டும் 24 மணியாயிற்று. நோயாளரை அடுத்தவரிடம் ஒப்படைக்க மேலும் நான்கு மணி வரை அனுமதி. மருத்துவர் அடிக்கடி மாறினால் ஒப்படைப்பிலே தவறு நேரும் என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். நெகிழ்ந்த நேரவிதிகளால் நோயாளரின் மரணங்கள் கூடவில்லை என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால், நீண்ட வேலையின் பின் வாகனம் ஓட்டி வீடு திரும்பும் முதலாண்டு மருத்துவர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என்று 2005 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. அம்மருத்துவரின் உயிர் எந்தக் கணக்கில் எழுதப்படும்? ஒப்படைப்பிலே குறையிருப்பின் ஒப்படைக்கும் முறையைத் திருத்துவதே அறிவு, உறக்கத்தைப் பறிப்பதன்று.

இத்தகைய வேலையை ஏன் ஏற்கின்றனர்? மறுக்க வழியில்லை. 1952 முதல் நடைபெறும் பொருத்தத் திட்டத்தில், பட்டதாரியின் விருப்பமும் வைத்தியசாலையின் விருப்பமும் ஒப்பிடப்பட்டு ஓரிடம் குறிக்கப்படுகின்றது, அவ்விடம் கட்டாயமானது. சம்பளத்தைப் பேசும் உரிமை இதனால் அற்றுப்போகின்றதென்று 2002 இல் மருத்துவர் சிலர் வழக்கிட்டனர். 2004 இல் அமெரிக்கக் காங்கிரஸ், ஓய்வூதிய நிதி பற்றிய சட்டமொன்றிற் பிரிவொன்றைச் சேர்த்து, அத்திட்டத்துக்குப் பாதுகாப்பளித்தது. வழக்கும் வீழ்ந்தது. எம் மாணவன் இந்நாட்டின் இலவசக் கல்வியிற் பயின்றவன். அவனருகே நிற்கப்போகும் அமெரிக்கப் பட்டதாரிகளிற் பலர் 200,000 டொலர் அளவிற் கடன் சுமப்பவர். கடன்பட்டவன் எங்ஙனம் வாய் திறப்பான்?

ஆயினும், வாய் திறந்தோர் உளர். 1957 இல் நியூயோர்க்கில் பயிற்சி மருத்துவர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1975 இல் வேலை நேரத்தைக் குறைக்கக் கோரி வேலைநிறுத்தமும் செய்தனர். மறு ஆண்டே தேசியத் தொழிலுறவுச் சபை, “இவர்கள் தொழிலாளரல்லர், மாணவரே” என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு 1999 வரை நின்றது. அவ்வாண்டிலேதான் அவர்கள் தொழிலாளரும் ஆவர் என்று அதே சபை ஒப்புக்கொண்டது. ஆசிரியராகிய நாம் இதனைக் கவனித்தல் வேண்டும். மாணவன் என்னும் எம் இனிய சொல், கூலியைக் குறைக்கும் கருவியாக இருபத்துமூன்று ஆண்டுகள் பயன்பட்டிருக்கின்றது.

மருத்துவம் நான்கு பகுதியுடையது என்றார் வள்ளுவர்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைசெய்பவன். தனியொருவனின் மனவுறுதியில் முழு மருத்துவத்தையும் ஏற்றிவைக்க அவர் எண்ணவில்லை.

தம்பி, பாதணியை வாங்கு, நன்றாக உறங்கு. ஒப்பந்தத்தையும் வரிவரியாகப் படி. வேலை செய்த மணிகளை உள்ளபடியே எழுது. எவர் சொன்னாலும் குறைத்து எழுதாதே. அவ்வைத்தியசாலையிற் சங்கம் உண்டாவென்று முதல்நாளே விசாரி. இல்லையெனின், உன்னைப்போலவே களைத்திருக்கும் மற்றவனிடம் பேசு. நீ ஆயத்தமாகிவிட்டாய். ஆயத்தமாகாதது வைத்தியசாலையே.