பச்சை எல்லாம் காடு அல்ல

சேலத்து வெயில் தாளாமல் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காடு வந்து, மஞ்சக்குட்டைப் பக்கம் வண்டியைத் திருப்புகிறவர் வாயிலிருந்து முதலில் வருவது, "அப்பா, என்ன பச்சை!" அவரைக் குறை சொல்ல முடியாது. புழுதியையும் சாக்கடையாகிப்போன திருமணிமுத்தாற்றையும் பார்த்துச் சலித்த கண் அது. அந்த ஆறு பிறப்பதே இந்தச் சேர்வராயன் மலையில்தான் என்பதைத்தான் ஊர் மறந்துவிட்டது.

வண்டியை விட்டு இறங்கி, காப்பிச் செடிகளுக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். வரிசை கட்டி நிற்பதில் பெரும்பகுதி சில்வர் ஓக். ஆஸ்திரேலிய மரம். நேராக, வேகமாக வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம், வெட்டினால் காசு. காற்றடித்தால் இலையின் அடிப்புறம் வெள்ளி போலப் புரளும், அழகுதான். 1820களில் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அதற்கு நிழல் தர மலையிலேயே அத்தியும் நாவலும் பலாவும் இருந்தன. அத்தி பழுத்தால் பறவை, குரங்கு, வௌவால் எல்லாம் வரும். சில்வர் ஓக் பூவுக்குத் தேனீ வரும். பழம் தேடி எதுவும் வராது. தோட்டக்காரரைத் திட்டிப் பயனில்லை. காப்பி விலை கைவிட்ட வருஷங்களில் அவரைக் காப்பாற்றியது மிளகும் மரமும்தான்.

நம் கவலை வேறு. பச்சையை மெச்சுகிறவர் டீ குடித்து முடிப்பதற்குள் கேட்கும் அடுத்த கேள்வி: "இங்கே சென்ட் என்ன விலை?" அங்கே தொடங்குகிறது வினை. சரிவில் பொக்லைன் ஏறுகிறது. செம்மண் வெட்டுவாயில் அறுந்த வேர்கள் தொங்குகின்றன. முதல் மழையில் அந்த மண் ஓடைக்குப் போகிறது. பிறகு ஆழ்துளைக் கிணறு. காலங்காலமாக இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் கோடையில் குடம் தூக்கி நடக்க, விடுதித் தொட்டி நிரம்பி வழிகிறது.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955லேயே வந்தது. மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990ல் அமைந்தது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்ததும், அவற்றின் தாங்குதிறனை ஆராய வேண்டும் என்றானதும் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான். அங்கே நுழைய முடியாத வண்டி வேறு மலையைத் தேடாதா? சேர்வராயன் மலையின் தண்ணீரையும் சாலையையும் அளந்து, எத்தனை வண்டி, எத்தனை அறை என்று வரம்பு கட்ட வேண்டியது அரசு. நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

மலையேறி வரும் நண்பர்களுக்கும் ஒன்று. சென்ட் விலை கேட்பதற்கு முன், அந்த வீட்டுக்குத் தண்ணீர் யார் வீட்டுக் குடத்திலிருந்து வரும் என்று ஒரு முறை விசாரியுங்கள்.