மூத்த மிஷனெரிகளையும் நினைப்போம்

வாலிப நண்பர்களே, மிஷனெரி என்றதும் நம் மனதில் வருவது காடும் மலையும், அங்கே நடந்துபோகும் ஓர் இளைஞரும்தான். பெருநகரத்தில் முதிய தம்பதியர் செய்யும் ஊழியம் நம் ஜெபக் குறிப்புகளில் அபூர்வமாகவே வருகிறது. இது மாற வேண்டும் என்கிறோம்.

மார்க், ஹல்டா பன்டெய்ன் தம்பதியர் 1954இல் கைக்குழந்தையோடு கல்கத்தாவுக்கு வந்தார்கள். பசித்தவர்களுக்குச் சாப்பாடு, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று வளர்ந்த ஊழியத்தில் 1977இல் மருத்துவமனையும் திறக்கப்பட்டது. கட்டடத்தைப் படம் பிடித்துவிடலாம். ஆனால் அன்றாட ஊழியம்? விடிந்தால் அத்தனை பேருக்கும் உலை வைக்க அரிசி வேண்டும். நோயாளியின் கட்டிலருகே நின்று ஜெபிக்க வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய தெருவைக் கடக்க வேண்டும். இதற்கு நடுவில், காணிக்கை அனுப்பியவர்களுக்குக் கடிதமும் எழுத வேண்டும்!

1989இல் மார்க் அந்த நகரத்திலேயே காலமானார். அறுபதைக் கடந்திருந்த ஹல்டா அதோடு ஊழியத்தை முடித்துக்கொள்ளவில்லை. பொறுப்பைத் தாமே ஏற்று நடத்தினார். முப்பத்தைந்து ஆண்டுகளாக அந்த ஊர் அவரை அறிந்திருந்தது. இரண்டு வார மிஷன் பயணம் போகும் நமக்கு அது எப்படிக் கிடைக்கும்? பயணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காணிக்கை முழுவதும் விமான டிக்கெட்டுக்கே போக வேண்டுமா?

மூத்த மிஷனெரிகளின் மருந்துக்கும், மாடிப்படி ஏறத் தேவையில்லாத ஒரு வீட்டின் வாடகைக்கும் வாலிபர் சங்கம் ஒரு பங்கை ஒதுக்கலாம். அவர்கள் விடுமுறையில் வரும்போது எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பதோடு, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றும் கேட்கலாம்.