ஒதுக்கிய பணமும் கைக்கு வந்த பணமும்

வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்தில் வாசிக்கப்படும் நாளிலே, பல்கலைக்கழகங்களுக்கு இத்தனை கோடி என்று கொட்டை எழுத்திற் செய்தி வருகின்றது. அத்தொகை கண்டு மகிழ்வோரும் உளர். போதாதென்று குறை கூறுவோரும் உளர். அப்பணம் ஆண்டு முடியுமுன் திறைசேரியை விட்டுப் புறப்பட்டதா என்று கேட்போரைத்தான் காணோம்.

உயர்கல்விச் செலவு இரு கூறானது. சம்பளம், மின்சாரம் முதலியன மீண்டெழும் செலவு. கட்டடம், ஆய்வுகூடம், கருவிகள் முதலியன மூலதனச் செலவு. நெருக்கடி நேருங்கால் விரிவுரையாளரின் சம்பளத்தை நிறுத்த இயலாது. ஆகவே கத்தி விழுவது மூலதனத்தின் மீதே. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த வழியின்றி நின்றது. வெறும் திறைசேரியிலிருந்து வாரிக் கொடுக்கும்படி எவரும் கேட்கவில்லை. ஆயினும் வெட்டு எல்லார்க்கும் ஒரே அளவினது என்று கூறுவார்களாயின், அதனை நாம் ஏற்கமாட்டோம்.

பேராதனையின் மண்டபங்கள் 1950 களிலேயே எழுந்துவிட்டன. யாழ்ப்பாணத்துக்கு வளாகம் கிடைத்தது 1974 இல். அது தனிப் பல்கலைக்கழகமானது 1979 இல். கிளிநொச்சியிலே தொடங்கிய விவசாயபீடத்தைப் போர் பெயர்த்தெறிந்தது. போர் ஓய்ந்த பின்னரே அது அறிவியல் நகருக்கு மீண்டது. பொறியியற்பீடம் அங்கு தொடங்கியது 2014 இல். வவுனியா வளாகம் பல்கலைக்கழகமாக உயர்ந்தது 2021 ஆகஸ்டில். எட்டு மாதங்களில் நாடே வங்குரோத்தாயிற்று! கட்டி முடித்தவனுக்கும் அத்திவாரம் இட்டவனுக்கும் மூலதனத்தில் ஒரே வீதம் குறைத்தால், ஒருவனுக்குச் சுவரின் வெள்ளையடிப்புப் பிந்தும். மற்றவனுக்குச் சுவரே இல்லை. இதற்குச் சமத்துவம் என்றா பெயர்?

கமக்காரருக்கு நாம் இதனை விளக்கவேண்டியதில்லை. இரணைமடு நிறைந்திருக்கிறதென்ற அறிவித்தல் சிறுபோகத்தை விளைவிக்காது. துரிசு உரிய நாளிலே திறக்கவேண்டும். மார்கழியில் வந்துசேரும் பணத்துக்குக் கேள்விப்பத்திரம் கோரி முடிப்பதெப்போது? டிசம்பர் 31 உடன் அவ்வாண்டின் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். பின்னர், பணத்தைச் செலவிடத் தெரியாத பல்கலைக்கழகம் என்ற பழி வேறு!

2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூன்று மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கோரினர். கோரிக்கை நியாயமானதே. ஆனால் ஏட்டில் 6 வீதம் எழுதிப் பாதியை விடுவித்தால் யாருக்கு என்ன பயன்? 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல உதவித்தொகை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது. நன்று. மாணவனுக்குச் சோறு கிடைத்தது. அவன் கைக்கு நுணுக்குக்காட்டி கிடைத்ததா?

1945 முதல் நாம் இலவசக் கல்வி என்கிறோம். உண்மையில் அதற்குப் பணம் செலுத்துவோர் நாமே. 2024 ஜனவரியில் 18 வீதமான பெறுமதி சேர் வரியை, கடையிற் சவர்க்காரம் வாங்கும் கமக்காரனும் செலுத்துகிறான், வைத்தியரும் செலுத்துகிறார். கணக்குக் கேட்கும் உரிமை இருவர்க்கும் உண்டு.

எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் குழுநிலை விவாதத்திலே கேட்கவேண்டியவை இரண்டே. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு என்பதைக் காலாண்டுதோறும் வெளியிடுவீர்களா? திறைசேரியின் தாமதத்தாற் செலவாகாத மூலதனப் பணத்தை மறு ஆண்டுக்கு அதே பீடத்துக்கே மீள ஒதுக்குவீர்களா? விடையை எழுத்திற் பெற்று வாருங்கள். நாம் இப்பத்திரிகையில் வெளியிடுகிறோம்.