படையிலும் தனிக்குடித்தனமா?

யுத்தத்தில் ஜெயிப்பதற்குப் புதிய யந்திரம் இருந்தால் போதும் என்று நம்மில் படித்தவர்களிலேயே பலர் நினைத்துக் கொண்டிருக்கின்றார்கள். ரேடாரும் ரேடியோவும் எவனிடம் அதிகமோ அவனே வல்லவன் என்பது அவர்கள் முடிவு. இவைகளை மலைமலையாகக் குவித்து வைத்திருக்கும் அமெரிக்காவின் கதையைச் சற்றுக் கவனித்தால், இம்முடிவு எவ்வளவு அறியாமை என்பது விளங்கும்.

1980-ம் வருஷம் ஏப்ரலில், ஈரானில் பிணையாகப் பிடிபட்டிருந்த தன் நாட்டாரை மீட்க அமெரிக்கா இரகசியமாக ஒரு படையை அனுப்பிற்று. கப்பல் கடற்படையுடையது, விமானங்கள் ஆகாயப் படையுடையவை, இறங்கிச் சண்டை போட வேண்டியவர்கள் தரைப்படையார். ஆனால் இத்தனை பேரும் ஒன்றுகூடி முழு ஒத்திகை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஹெலிகாப்டர்கள் பழுதாகிக் காரியம் கைவிடப்பட்டது. திரும்பும் வேளையில் ஒரு ஹெலிகாப்டர் தம் விமானத்தின் மீதே மோதியது. எதிரி ஒரு குண்டும் சுடாமலே 8 பேர் மாண்டார்கள்.

இதன் பிறகாவது புத்தி வந்ததா? 1983 அக்டோபர் 25-ந் தேதி கிரெனடா என்னும் சின்னஞ்சிறு தீவின் மீது படையெடுத்தார்கள். அது நியாயமா என்பது வேறு விஷயம். நடந்த விதத்தைப் பாருங்கள். தரைப்படையின் ரேடியோக்கள் பலவற்றால் கண்ணுக்கெதிரே நின்ற கப்பல்களோடு பேச முடியவில்லை. படம் இல்லாமல், உல்லாசப் பிரயாணிகளுக்கு விற்கும் தேசப் படத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டவர்களும் உண்டு. 27-ந் தேதி கடற்படை விமானங்கள் தம் தரைப்படையின் ஒரு தலைமை இடத்தையே சுட்டு 17 பேரைக் காயப்படுத்தின. இவ்வளவுக்கும் நடுவே, கப்பலில் வந்திறங்கும் தரைப்படை ஹெலிகாப்டர்களுக்கு எண்ணெய் கொடுக்காதே, பணம் யார் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை என வாஷிங்டனிலிருந்து கடற்படைக் கணக்கதிகாரியின் தந்தி வந்தது! தளபதி அதை ஒதுக்கித் தள்ளினார். ஒதுக்காதிருந்தால் காயம்பட்டவன் கதி என்ன?

1986-ல் இதற்கெனவே ஒரு சட்டம் செய்தார்கள். பிற படைகளோடு சேர்ந்து உழைத்த அனுபவமில்லாதவன் பொதுவாக ஜெனரலாகவோ அட்மிரலாகவோ உயர முடியாது என்று விதித்தார்கள். இதை எதிர்த்தவர்கள் யார்? எதிரி நாட்டாரா? அந்தப் படைகளின் தலைவர்களேதான்! தத்தம் பிரிவின் செல்வாக்குக் குறைந்துவிடுமே என்ற கவலை அவர்களுக்கு.

சட்டம் வந்தும் பழக்கம் உடனே போய்விடவில்லை. 1994 ஏப்ரல் 14-ந் தேதி வட ஈராக்கில் ஆகாயப் படையின் இரண்டு விமானங்கள், தம் தரைப்படையின் இரண்டு ஹெலிகாப்டர்களை எதிரியுடையவை என்று சுட்டு வீழ்த்தின. 26 பேர் இறந்தார்கள். ரேடியோ இல்லையா? இருந்தது, ஒவ்வொருவரும் வேறு வேறு அலையில் இருந்தார்கள். நண்பனென்று காட்டும் கருவி இல்லையா? இருந்தது; இருவரும் ஒரே குறியீட்டை வைத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் கவனிக்க வானத்தில் ரேடார் விமானமும் இருந்தது!

இதை விதி என்பதா? கூடிப் பழகாததன் பலன் என்பதே நம் அபிப்பிராயம். ஆகவே, எந்த நாட்டில் எந்தச் சர்க்கார் புதிய ஆயுதத்தை ஊர்வலம் விட்டாலும், வரி கொடுக்கும் ஜனங்கள் அதன் விலையை மட்டும் கேட்டு நின்றுவிடக் கூடாது. "இது பக்கத்துப் படையின் கருவியோடு பேசுமா? இரண்டு படையாரும் சேர்ந்து எத்தனை நாள் பழகினார்கள்?" என்றும் கேட்கவேண்டும். சாவது அவர்கள் பெற்ற பிள்ளைகளல்லவா?