கீழேயிருந்து பெய்யும் மழை

மதுரை மழைக்கு ஒரு குணம் உண்டு. ஆபீஸ் விடுகிற நேரம் அதற்குத் தெரியும்.

காலை எட்டரை மணிக்கு ஆனையூரிலிருந்து கிளம்பும்போது வானம் இஸ்திரி போட்ட நீலச் சட்டை மாதிரி இருக்கும். கையில் குடையோடு போனால், 'என்ன தம்பி, வெயிலுக்கா?' என்று தெருவே விசாரிக்கும். மத்தியானம் மூணு மணிக்கு நாகமலைப் பக்கம் லேசாகக் கறுக்கும். மேஜையைப் பூட்டிச் சாவியைப் பையில் போடுகிற சத்தம் கேட்டதும் 'டொப்' என்று முதல் சொட்டு.

மொத்தமாகப் பார்த்தால் நம்மூர் மழை ஒன்றும் பிரமாதமில்லை. வருஷத்துக்கு ஏறக்குறைய 85 செ.மீ. அதில் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் தீர்ந்துவிடும். ஆனால் பெய்கிற விதம் இருக்கிறதே! 2024 அக்டோபர் 25-ம் தேதி பிற்பகல் கால் மணி நேரத்தில் மட்டும் 4.5 செ.மீ. கொட்டியது. வருஷக் கோட்டாவில் இருபதில் ஒரு பங்கு, ஒரு டீயும் வடையும் முடிகிற நேரத்தில்! பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி, செல்லூர்ப் பக்கம் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. 2017-ல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகிவிடக் கூடாதென்று தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்ட சீமை இது. தண்ணீர் இல்லாவிட்டாலும் கஷ்டம், இருந்தாலும் கஷ்டம்.

இந்த மழையில் சைக்கிள் மிதித்து வீடு திரும்புகிற ஆசாமிகளுக்காக இந்த வாரம். பைக் வைத்திருப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். வேண்டாம், இருங்கள். பெட்ரோல் விற்கிற விலையில் நீங்களும் ஒருநாள் இந்தப் பக்கத்துக்கு வர வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு புராணம். வருணன் மதுரையை மூழ்கடிக்க மேகங்களை ஏவினான். சிவபெருமான் தன் சடையிலிருந்து விட்ட நான்கு மேகங்கள் நான்கு மாடங்களாகக் கூடி ஊரை மூடிக் காப்பாற்றின. அதனால் நான்மாடக்கூடல் என்று பெயர். ஆனையூருக்குப் பக்கத்து ரயில்வே ஸ்டேஷன் பெயரே கூடல்நகர்தான். ஆக, மேலேயிருந்து பெய்கிற மழைக்கு இறைவன் அப்போதே ஏற்பாடு செய்துவிட்டார். பின்சக்கரத்திலிருந்து கிளம்பி நம் முதுகில் பெய்கிற மழைக்குத்தான் திருவிளையாடல் அறுபத்து நான்கில் ஒரு படலமும் இல்லை. அது நம் பொறுப்பு.

அந்த மழை சாமானியமானதல்ல. மேலேயிருந்து வருவது சுத்தமான தண்ணீர். கீழேயிருந்து வருவதில் சேறு, சாணம், ஆயில், சாக்கடை எல்லாம் கலந்திருக்கும். சட்டையின் பின்புறம் இடுப்பிலிருந்து கழுத்துவரை ஒரு பழுப்புக் கோடு போடும். அணிலுக்கு ராமர் மூன்று கோடு போட்டார், நமக்கு ஒன்று. எந்த சோப்புக்கும் அது அசையாது.

இந்தக் கோடு எங்கிருந்து வந்தது? கலிபோர்னியாவிலிருந்து! விளையாட்டில்லை. நம் பையன்கள் இன்று ஓட்டுகிற பருமனான டயர் 'மவுண்டன் பைக்' பிறந்தது அங்கேதான். 1970-களில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சில வாலிபர்கள் பழைய சைக்கிள்களை ஓட்டை உடைசல் கழற்றி, மலைப்பாதையில் தலைதெறிக்க இறக்கினார்கள். 1976-ல் 'ரீபேக்' என்று பந்தயமே வைத்தார்கள். பக்கத்தில் இருக்கிற மலைக்குப் பெயர் மவுண்ட் டமால்பைஸ். (ஓட்டியவர்கள் விழுந்த சத்தத்தில் வைத்த பெயர் அல்ல.) அங்கே கோடையெல்லாம் காய்ந்த புழுதி. அவர்களுக்கு மட்கார்டு எதற்கு? தூக்கி எறிந்தார்கள். அந்தக் கோலத்தைப் பார்த்துச் செய்த வண்டியைத்தான் நாம் ஐப்பசி மாதம் செல்லூர் வழியாக ஓட்டுகிறோம்.

தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிளை நினைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் சக்கரத்தைக் கட்டிப்பிடித்த நீள மட்கார்டு. செயினை மூடிய பெட்டி. டைனமோ, கேரியர், ஸ்டாண்டு, மணி. அந்த உருவத்தின் ஆதி இங்கிலாந்து. மழைக்குப் பேர்போன தேசம். ஆலந்துக்காரர்கள் இன்றைக்கும் ஏறக்குறைய அதே மாதிரி வண்டியில்தான் கோட்டு சூட்டோடு ஆபீஸ் போகிறார்கள். நாம் அதைப் 'பால்கார சைக்கிள்' என்று ஓரங்கட்டிவிட்டோம். பால்காரர் நனையாமல் வருகிறார்.

சரி, வாங்கியாச்சு. இனி என்ன செய்யலாம்?

ஒரு சைக்கிள் கடையில் போய் நீள மட்கார்டு கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். "கியர் வண்டிக்கு முழு மட்கார்டா? லுக்கு போயிரும் தம்பி" என்றார் கடைக்கார அண்ணன்.

"சட்டையோட லுக்கு போகுதேண்ணே."

ஒரு நிமிஷம் என் முதுகைப் பார்த்தார். பேசாமல் பரணிலிருந்து ஒரு ஜோடி எடுத்துத் தூசி தட்டினார். மாட்டி முடித்ததும் ஒரு நல்ல காரியம் செய்தார். பழைய ட்யூபில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, முன் மட்கார்டின் கீழ்நுனியில் தொங்கவிட்டார். "பின்னாடி மட்கார்டு முதுகுக்கு. முன்னாடி இந்த நாக்கு காலுக்கும் செயினுக்கும்" என்றார். நிஜம். முன்சக்கரம் வாரியடிக்கிற தண்ணீர் நேராக ஷூவிலும் செயினிலும்தான் விழுகிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை அந்த நாக்கு இறங்கினால் செயின் துருப்பிடிப்பதும் குறையும், சாக்ஸைப் பிழிய வேண்டியதும் குறையும்.

இதுவரை சொன்னது மானப் பிரச்னை. இனிமேல் வருவது உயிர்ப் பிரச்னை.

மழை வந்தால் நம் கவலையெல்லாம் நனையாமல் போவது எப்படி என்பதுதான். அதற்காக ஒரு கையில் குடை, ஒரு கையில் ஹேண்டில்பார். பிரேக் ரெண்டில் ஒன்று அம்பேல். மிச்சமிருக்கிற ஒன்றாவது பிடிக்குமா என்றால், அதுவும் சந்தேகம். பளபளவென்று குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். வெயிலில் பிடிக்கிற பிடியில் ஒரு சிறு பங்குகூட இருக்காது. முதல் ஓரிரு சுற்று, கட்டை வெறுமனே தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருக்கும். அப்புறம்தான் பிடிக்கிற வேலை. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிற சைக்கிள் ஒரு விநாடியில் நாலு மீட்டர் தாண்டும். அதாவது முன்னால் போகிற ஆட்டோவின் நீளத்துக்கும் மேலே. ஒரு விநாடி தாமதம் என்றால் ஆட்டோவுக்குப் பின்னால் நிற்க வேண்டியவர் ஆட்டோவுக்குள்ளே உட்கார்ந்திருப்பார், டிக்கெட் இல்லாமல்.

செய்ய வேண்டியது சுலபம். கட்டை காய்ந்து கண்ணாடி மாதிரி இறுகியிருந்தால் மழைக்காலத்துக்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள். அலுமினிய ரிம் என்றால் ஈரத்தில் இரும்பைவிட நன்றாகவே பிடிக்கும். டிஸ்க் பிரேக் இன்னும் உத்தமம். தகடு ரோட்டுத் தண்ணீரிலிருந்து உயரத்தில் இருப்பதால் அதிகம் நனையாது. எதுவானாலும் மழையில் ஓட்டும்போது அவ்வப்போது பிரேக்கை லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். அவசரம் வருகிற நேரத்தில் கட்டை துடைக்கிற வேலையில் இருக்கக் கூடாது.

இன்னொன்று. மழை ஆரம்பித்த முதல் பத்து நிமிஷம்தான் மோசம். மாதக்கணக்காக ரோட்டில் படிந்த ஆயிலும் புழுதியும் ஊறிக் குழம்பாகி இருக்கும். நன்றாகக் கொட்டினால் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே அவசரப்படாமல் அந்தப் பத்து நிமிஷத்தை ஒரு டீக்கடைக்குத் தானம் செய்யலாம். வேகத்தடையில் அடித்த வெள்ளைப் பெயின்ட், சாக்கடை இரும்பு மூடி இரண்டும் ஈரத்தில் வாழைப்பழத் தோல்கள். அவற்றின் மேல் வளைக்கவும் கூடாது, பிரேக் போடவும் கூடாது. நேராக, பையப் போக வேண்டும்.

அடுத்தது, நாம் மற்றவர் கண்ணில் படுவது. டைனமோ டயரை உரசி வெளிச்சம் தருகிற சாதனம். டயர் நனைந்தால் உருளை வழுக்கும், வெளிச்சம் சிமிட்டும். வெளிச்சம் ரொம்பத் தேவைப்படுகிற நேரத்தில் லீவு போடும். பாட்டரியில் எரிகிற சின்ன எல்.இ.டி. விளக்குகள் இரண்டு போதும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. மாட்டிய பிறகு ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்து, ஒரு நண்பரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பேருடைய சிவப்பு விளக்கு கோட்டின் வாலுக்குள்ளே பத்திரமாக எரிந்துகொண்டிருக்கும். மழை இருட்டில் கறுப்பு ரோட்டில் கறுப்புக் கோட்டு போட்ட மனிதரை லாரி டிரைவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? மஞ்சளில் வாங்குங்கள். கேலி செய்வார்கள். கேலி செய்கிறவன் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, அது போதும்.

ரெயின்கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மூர்ப் புழுக்கத்தில் அதை மாட்டிக்கொண்டு மிதித்தால் வெளியே மழை, உள்ளே வியர்வை, ஈரம் உறுதி. அந்தக் கால இங்கிலாந்துத் தொழிலாளிகள் கூடாரம் மாதிரி ஒரு மேலங்கியைத் தலைவழியே போட்டு முன்பக்கத்தை ஹேண்டில்பார் மேல் விரித்துக்கொண்டு போவார்கள். அடியில் காற்று வரும். கீழேயிருந்து தண்ணீர் வராமலிருக்க மட்கார்டு இருக்கும். அந்த மாதிரி கிடைத்தால் விசேஷம். எது போட்டாலும் வால் பின்சக்கரக் கம்பியில் சிக்காதபடி சுருக்கிச் செருகிக்கொள்ளவும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள் சார். நம்மூர் மழை பெரும்பாலும் சாயங்கால மழை. வீட்டுக்குத்தானே போகிறோம்? நனைந்தால்தான் என்ன? நனையக் கூடாதது செல்போன், பைல், நாளைக்கும் வேண்டிய சம்பளக் கவர். அவற்றுக்கு ஜிப் வைத்த உறை ஒன்று கேரியர் பையில் நிரந்தரமாகக் கிடக்கட்டும். காலையில் வெயிலைப் பார்த்து ஏமாந்து எடுத்து வைத்துவிடக் கூடாது. சீட்டுக்குப் பாலிதீன் பை மாட்டுகிற வழக்கத்துக்கு 2019 ஜனவரியில் வந்த தடை முற்றுப்புள்ளி வைத்தது. பால் பாக்கெட்டுக்கு விலக்கு உண்டு. கழுவிய இரண்டு பாக்கெட்டைப் பிரித்து ஒட்டினால் பின்பக்கம் காயும், சட்டமும் காயப்படாது. வீடு போனதும் செயினைப் பழந்துணியால் துடைத்து நாலு சொட்டு சைக்கிள் ஆயில். தேங்காய் எண்ணெய் தலைக்கு.

கடைசியாக, கடையில் கிடைக்காத ஒரு உபகரணம். மணிநகரம் கர்டர் பாலத்தின் அடியிலோ, யானைக்கல் தரைப்பாலத்திலோ, நம் தெருமுனையில் குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடத்திலோ தண்ணீர் தேங்கி நிற்கும். மேலே சமமாக, வானத்தையே காட்டிக்கொண்டு கிடக்கும். அடியில் என்ன இருக்கிறது என்று அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அடி தெரியாத தண்ணீருக்குள் ஏறி மிதிக்காதீர்கள். இறங்குங்கள். சைக்கிளை முன்னால் விட்டுத் தள்ளிக்கொண்டு போங்கள். குழி இருந்தால் முன்சக்கரம் முதலில் இறங்கிச் சொல்லும். பைக்கில் இந்த வசதி கிடையாது. தண்ணீர் சக்கரத்தின் நடு அச்சைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் ஓரடியும் வேண்டாம். திரும்பிச் சுற்றுவழியில் போங்கள். அரை மணி லேட் ஆகும். ஆகட்டும்.

மட்கார்டு, பிரேக் கட்டை, இரண்டு விளக்கு. இரண்டு பேர் சினிமாவுக்குப் போய்ப் பாப்கார்னும் வாங்கினால் ஆகிற செலவுதான். குடையையும் கோட்டையும் அதற்கப்புறம் வாங்கிக்கொள்ளலாம். நனைந்த தலையைத் துவட்ட வீட்டில் துண்டு இருக்கிறது. துவட்டுவதற்குத் தலை வந்து சேர்ந்தால் போதும்.