பிச்சைச் சம்பளம்

மட்டக்களப்புப் பகுதியின் முதியோர், அரசாங்கம் மாதந்தோறும் வழங்கும் உதவித்தொகையை நெடுங்காலமாகப் 'பிச்சைச் சம்பளம்' என்றே சொல்லி வருகின்றனர். அலுவலகக் கோவைகளில் அதன் பெயர் 'பொதுசன மாதாந்த உதவிப்பணம்'. அந்நீண்ட பெயர் மக்களின் நாவில் ஏறவில்லை. "பிச்சைச் சம்பளம் எடுக்கப் போறன், மகள்" என்று கூறி, குடையை விரித்து வீதியிலிறங்கும் மூதாட்டி நகைச்சுவைக்காக அப்படிச் சொல்வதில்லை. சம்பளம் என்பது உழைப்புக்கு உரியது. பிச்சை என்பது கொடுப்போன் மனம் இரங்கினால் கிடைப்பது. இவ்விரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்ட இடத்திலேதான் நமது நாட்டின் வறுமை நிவாரணக் கொள்கை எண்பது ஆண்டுகளாகத் தத்தளித்துக்கொண்டிருக்கிறது. வாழ்நாள் முழுதும் உழைத்தோர்க்கு உரிய கடனா அது, அன்றி இரந்தோர்க்கு இடும் பிடியரிசியா? இவ்வினாவுக்கு விடை கூறாமலே ஆட்சிகள் மாறி மாறித் திட்டங்களின் பெயரை மட்டும் மாற்றி வந்திருக்கின்றன.

பெயர்களையே நோக்குவோம். 1989 இல் வந்தது சனசவிய. மக்களின் வலிமை என்பது அதன் பொருள். 1995 இல் வந்தது சமுர்த்தி. செழிப்பு என்பது அதன் பொருள். 2023 இல் வந்தது அஸ்வெசும. நாம் ஆசுவாசம் என்று வழங்கும் சொல்லின் உறவு அது. வலிமை தருவோம் என்றனர். செழிப்புத் தருவோம் என்றனர். இறுதியில் ஆறுதல் தருவோம் என்கின்றனர். மூன்றாவது பெயரிலாவது ஓரளவு நேர்மை உண்டு என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் இந்நாட்டில் எவரும் தம்மை ஏழையென்று நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. 1942 இல், யுத்த காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு, சுதந்திரத்தின் பின்னரும் மலிவு விலையில் எல்லோர்க்கும் நிலைத்தது. 1953 இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஆகஸ்ட் 12 ஆம் நாள் நாடே ஹர்த்தாலில் எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அன்று வீதியில் இறங்கியோர் தம்மை இரவலராகக் கருதவில்லை. தமக்குரியது பறிக்கப்பட்டது என்பதே அவர்களின் முழக்கமாயிருந்தது. எல்லோர்க்கும் உரியதாக இருந்தமையினாலேயே அதைக் காக்க எல்லோரும் எழுந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

1978 இல் அப்பங்கீடு மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கென மட்டுப்படுத்தப்பட்டது. மறு ஆண்டு அரிசி போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் ஒரு தொகை அச்சிடப்பட்டிருந்தது. விலைவாசியோ எவருடைய அச்சுக்கும் கட்டுப்படவில்லை. சில ஆண்டுகளுக்குள் முத்திரையின் வாங்கும் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகத் தேய்ந்தது. இம்முறை ஹர்த்தால் இல்லை. பாதி மக்களை வரிசையிலிருந்து முன்னரே விலக்கிவிட்டார்கள். எஞ்சியோர் 'ஏழைகள்' என்ற தனி வகுப்பினராகிவிட்டனர். ஏழைகளுக்கென மட்டும் அமைந்த திட்டம் நாதியற்ற திட்டமாகும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

இனி, கதிரவெளிக்கு வருவோம். மட்டக்களப்பிலிருந்து வடக்கே, வாகரையையும் கடந்து, வெருகலை நெருங்கும் திருகோணமலை வீதியோரக் கிராமம் அது. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் வயலும் காடும். 2004 டிசெம்பர் 26 இல் அக்கரையைக் கடல் விழுங்கியது. இரண்டாண்டுகள் நிறையுமுன், 2006 நவம்பர் 8 இல், இடம்பெயர்ந்தோர் அடைக்கலம் புகுந்திருந்த விக்னேஸ்வரா வித்தியாலயத்தின் மீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியோர் அகதிகளாகத் தெற்கே நடந்து, 2007 இல் மீளக் குடியமர்த்தப்பட்டனர்.

இத்தகைய ஊரில் ஒரு கைம்பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். கணவன் யுத்தத்தில் இறந்தான். அவள் குடியிருக்கும் வீடு நிவாரண நிறுவனம் ஒன்று கட்டிக் கொடுத்தது: கல்லுச் சுவர், ஓட்டுக் கூரை, சீமெந்துத் தரை, மலசலகூடம். அவளுடைய மகன் கடலுக்குப் போகிறவன். கடனுக்கு எடுத்த மோட்டார்ச் சைக்கிள் முற்றத்தில் நிற்கிறது. கணக்கெடுக்க வந்தவர் எதைக் காண்பார்? கல்வீட்டைக் காண்பார், வாகனத்தைக் காண்பார், மின்கம்பியைக் காண்பார். வாராவாரம் வட்டி கேட்டு வரும் நுண்கடன்காரனைக் காணமாட்டார். அவன் அன்று வரும் நாளன்று. வாடைக் காற்றில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடக்கும் மாதங்களைக் காணமாட்டார். அவர் வந்த மாதம் வேறு.

அஸ்வெசும இத்தகைய கண்ணால் காணத்தக்க பொருள்களைக் கொண்டே வறுமையை அளக்க முற்பட்டது. 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம் இருபதாண்டுகள் உறங்கிக் கிடந்து, நாடு வங்குரோத்து அடைந்த 2022 இல் விழித்தெழுந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு தலைப்புகளின் கீழ் 22 குறிகாட்டிகள் வகுக்கப்பட்டன. வீடு அழிந்தவனுக்கு உலகம் இரங்கி வீடு கட்டிக் கொடுத்தது. அந்த வீட்டையே சாட்சியாக நிறுத்தி, 'நீ அவ்வளவு ஏழையல்லன்' என்று புள்ளியைக் குறைக்கிறது இன்னொரு நிவாரணம். சுவரை உண்ண முடியாது என்ற எளிய உண்மை ஆறு தலைப்புகளில் எதற்கும் அடங்கவில்லை.

சீர்திருத்தக்காரர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. சமுர்த்திப் பட்டியல்களில் கட்சிக்காரர் புகுந்ததும், வசதியுள்ளோர் பலர் நிலைத்ததும், வறியோர் பலர் வெளியே நின்றதும் யாவரும் அறிந்த செய்தி. அதன் பயனாளிகளிடமிருந்து கட்டாயச் சேமிப்பென்றும் காப்புறுதியென்றும் ஒரு பங்கு பிடித்துக்கொள்ளப்பட்டது. சிரமதானத்துக்கு வா என்றும், கூட்டத்துக்கு வா என்றும் அழைப்பு வந்தது. அந்தச் சீர்கேட்டை எவரும் காத்துநிற்க வேண்டியதில்லை. ஆயின் சீர்கேட்டுக்குக் காரணம் ஏழையின் பொய்யா, பட்டியல் எழுதியவனின் அதிகாரமா? நோய் அதிகாரத்தில் இருக்க, மருந்தை ஏழையின் வாயில் ஊற்றுகிறார்கள்.

இச்சீர்திருத்தத்தின் காலத்தையும் கவனிக்க வேண்டும். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏறத்தாழ 300 கோடி டொலர் உடன்படிக்கை ஏற்பட்டது. யூலையில் அஸ்வெசும தொடங்கியது. மிக வறியோரான 4 லட்சம் குடும்பங்களுக்கு 15,000 ரூபா; வறியோரான 8 லட்சம் குடும்பங்களுக்கு 8,500; அதற்கு மேற்பட்ட இரு படியினருக்கு 5,000, 2,500. இவ்வெண்கள் எப்படிப் பிறந்தன? நாட்டில் எத்தனை குடும்பங்கள் வறியன என்று எண்ணிப் பார்த்தா? அப்படியாயின் அவை இவ்வளவு வட்டமான எண்களாக அமைந்த அதிசயத்தை என்னென்பது! திறைசேரி முதலில் ஒதுக்கீட்டை நறுக்கியது; பின்னர் அந்தத் துணிக்கேற்ப ஏழையின் உடலை அளந்தார்கள். கடைசி இரு படிகளுக்கும் முடிவு நாளையும் முன்கூட்டியே குறித்தனர்: ஒன்றுக்கு 2023 டிசெம்பர், மற்றதற்கு 2024 யூலை. வறுமை அந்நாளில் விடைபெற்றுச் செல்லவில்லை. காலத்தை நீட்டிக்க நேர்ந்தது. 2025 சனவரியில் மேலிரு தொகைகள் 17,500, 10,000 என உயர்த்தப்பட்டமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது ஆட்சியாளரின் மனவிரக்கத்தால் வந்ததேயன்றி, விலைவாசி ஏறினால் தொகையும் ஏறும் என்ற விதியால் வந்ததன்று.

பட்டியல் வெளியானதும் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. ஓர் அளவுகோலைப் பற்றி இதைவிடக் கடுமையான விமர்சனத்தை எந்தப் பேராசிரியரும் எழுதிவிட முடியாது. அதனுடன் இன்னொன்றும் சேர்க்கப்பட்டிருந்தது: தெரிவானவர் தகுதியற்றவரென்று பிறர் எழுதும் ஆட்சேபனை. அயலவன் அயலவள்மீது எழுதலாம். யுத்த காலத்தில் காட்டிக்கொடுத்தலால் சிதைந்து, ஒருவரையொருவர் மீண்டும் நம்பத் தொடங்கியிருக்கும் கிராமங்களில் இப்படியொரு படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது எத்தகைய அறியாமை! அறியாமை என்பது நாம் வழங்கும் மென்மையான சொல்.

நிபந்தனைகளின் பின்னால் நிற்கும் கருத்து பழையது. 1834 இல் இங்கிலாந்தின் வறியோர் சட்டம், உதவி பெறுவோனின் நிலை மிகத் தாழ்ந்த கூலியாளின் நிலையிலும் கீழாக இருத்தல் வேண்டும் என்று விதித்து, அவனைத் தொழிற்சாலை போன்ற சிறையில் அடைத்தது. இன்று சுவர் இல்லை, படிவம் உண்டு. வேலை செய்தாலன்றி உதவி இல்லை என்போர் அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்தை நோக்கட்டும். 2018 இல் அங்கே வறியோர் மருத்துவக் காப்புறுதிக்கு, வேலை செய்ததை மாதந்தோறும் அறிவிக்க வேண்டுமென விதித்தனர். சில மாதங்களில் சுமார் 18,000 பேர் காப்புறுதியை இழந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் முன்னரே வேலை செய்தவர்கள், அன்றேல் விதிவிலக்குப் பெறத்தக்கவர்கள். வேலைவாய்ப்புப் பெருகவில்லை, அறிவிக்கத் தெரியாதோர் வீழ்ந்தனர். கதிரவெளியில் அறிவிக்கத் தெரியாதோர் யார்? யுத்தத்தில் பள்ளியை இழந்தவர்கள். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள். ஒரு கையெழுத்துக்காக வாகரைப் பிரதேச செயலகத்துக்குப் போனால் அன்றைய கூலியை இழப்பவர்கள். சோம்பேறிகளைப் பிடிக்க விரித்த வலையில் எப்போதும் அகப்படுவது இவர்களே.

நமது முற்போக்கு நண்பர்கள் சிலர், 'நிவாரணம் என்பதே ஒட்டுப்போடுதல். சமுதாயமே மாற வேண்டும்' என்பர். மாறட்டும், மாறும் வரையில் கதிரவெளிக் கிழவி எதை உண்பாள் என்பதற்கும் அவர்கள் விடை கூறுதல் வேண்டும். தமிழ்நாட்டைப் பாருங்கள். 1997 இல் இந்திய அரசு பொது விநியோகத்தை வறியோர்க்கெனச் சுருக்கிய பொழுது, அம்மாநிலம் எல்லோர்க்கும் அரிசி என்ற முறையைக் கைவிடவில்லை. யார் ஏழை என்று தேடுவதிற் செலவாகும் காலமும் பணமும் கண்ணீரும் அங்கே மிஞ்சின.

அதே வாகரைக் கரையின் மணலில் இல்மனைட் இருக்கிறது. அதை அகழ வரும் முயற்சிகளை அவ்வூர் மக்கள் எதிர்த்து வந்திருக்கின்றனர். மண்ணைக் கேட்டு வருவோரிடம் 22 குறிகாட்டிகளை எவரும் நீட்டுவதில்லை. அவர்களுடைய சுவரும் கூரையும் எண்ணப்படுவதில்லை.

நாம் வேண்டுவன சிலவே. முதியோர், மாற்றுத் திறனாளர், தனித்துக் குடும்பம் தாங்கும் பெண்கள் ஆகியோருக்குச் சொத்துக் கணக்கின்றி உதவித்தொகை வழங்கப்படல் வேண்டும். முதுமைக்கும் ஊனத்துக்கும் கூரை ஓடு சாட்சி சொல்ல வேண்டியதில்லை. தொகை விலைவாசியோடு சட்டப்படி இணைக்கப்படல் வேண்டும். மறுக்கப்பட்டவருக்கு, எந்தக் குறிகாட்டியில் எத்தனை புள்ளி, ஏன் என்பதை அவர் வாசிக்கும் மொழியில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். மேன்முறையீட்டை விசாரிப்போர் அவர் ஊருக்கு வருதல் வேண்டும், அவர் அலைதல் கூடாது. இவற்றுக்குப் பணம் வேண்டும், காலம் வேண்டும் என்பார்கள். அயலவர்மீது அயலவர் எழுதும் அந்த ஆட்சேபனைப் படிவத்தை நீக்குவதற்கு இரண்டும் வேண்டியதில்லை. அதிலிருந்து தொடங்கட்டும்.